துவைக்கக் கூடாத சட்டை

நெமிலிச்சேரி
3-10-1988

மதிப்பிற்குரிய சம்பந்தி லோகநாதன் அவர்களுக்கு,

ஜானகிராமன் எழுதுவது. இங்கிருந்து அயனம்பாக்கத்துக்கு சைக்கிளிலேயே வந்துவிடலாம். இந்தத் தூரத்துக்கு ஒரு இன்லண்ட் லெட்டரா என்று தபால்காரர் சிரிப்பார். வேறு வழியில்லை. வளைகாப்பு அன்று சாப்பாட்டில் பாதியில் எழுந்து, "இனிமே இந்த ஊட்டு வாசப்படிய மிதிச்சா ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள். போகட்டும் என்று இருந்தவன் நான். பாஸ்கரனிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், "ஞாயித்துக்கிழமை நான் என் பொண்டாட்டியப் பார்க்கத்தான் அங்க போறேன். உங்க சண்டைக்குத் தூது போறதுக்கு இல்ல" என்கிறான் உங்கள் மாப்பிள்ளை.

விஷயத்துக்கு வருகிறேன். பதறாமல் படியுங்கள். கல்யாணத்துக்கு நீங்கள் சீராகக் கொடுத்த பசு செவந்திக்கு அடிபட்டுவிட்டது. எங்கள் வீட்டு மயில் டிசைன் கேட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஆவடி ஃபாக்டரி நண்பர்கள் ஆசையாக வெல்டிங் செய்து கொடுத்தது. சனிக்கிழமை அந்த மயிலின் தோகைக்குள் இடது கொம்பை விட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்து ரயில் ஊதியது. மிரண்டு இழுத்ததில் கொம்பு அடியிலேயே விரிசல் விட்டு ஆடுகிறது. ஒரே ரத்தம்.

இன்று காலை கால்நடை டாக்டர் ஞானம்மாள் வந்தார். கொம்பின் உள்ளே இருக்கும் பொந்து மண்டை வரைக்கும் போகிறதாம். சீழ் வைத்தால் தலைக்கு ஏறும், உயிர் தங்காது, கொம்பை அடியோடு அறுத்து எடுத்தே ஆகவேண்டும் என்றார். சரி என்றேன். வலியில் தலையைத் தொங்கப் போட்டு நின்றவளுக்கு, கண்ணுக்கும் கொம்புக்கும் நடுவே எலும்பு ஓரமாக ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், இடது கண் இமை பொத்தென்று தொங்கிவிட்டது! தூக்கவே முடியவில்லை அவளுக்கு. கண் போச்சே என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. டாக்டர் என்னவோ சொல்ல வந்தார். "நீங்க செஞ்ச வரைக்கும் போதும்" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

கொடுத்ததை வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். மருமகளுக்கு இது நிறைமாதம் நெருங்கும் நேரம், அவள் காதுக்கு இது போக வேண்டாம்.

வருத்தத்துடன்,
ஜானகிராமன்


அயனம்பாக்கம்
5-10-88

சம்பந்தி ஐயாவுக்கு லோகநாதன் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தை நான் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் கஸ்தூரியே பிரித்துப் படித்துவிட்டாள். உங்கள் மருமகள் காதுக்கு எதுவும் போகக் கூடாது என்றால் நீங்கள் அதை எழுதாமல் இருந்திருக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கிறாள். எனக்கும் சோறு இறங்கவில்லை.

தெரியாமல்தான் கேட்கிறேன், வீட்டுக் கேட்டில் மயில் எதற்கு? நாலு கம்பி நிறுத்தினால் நாய் உள்ளே வந்துவிடுமா? கொம்பை அறுக்க வந்த இடத்தில் கண்ணைக் கெடுப்பது என்ன வைத்தியம்? அதுவும் நின்றுகொண்டிருக்கிற மாட்டை! என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் கேட்டாள், "முழிச்சிகினு கீற மாட்டையா அறுக்கப் போனாங்க? அவங்களுக்கு மனசு கல்லா?" என்று. பாடி ஃபாக்டரியில் என் கூட வேலை செய்கிறவருக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் செய்தார்கள். முழுசாக மயக்கினார்கள். கண்ணைத் திறந்ததும், "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். அது ஆபரேஷன்.

அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கிற ஊசியைப் பற்றி எனக்குச் சொல்லாதீர்கள். போன வருஷம் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார் ஒரு புண்ணியவான். ஊசி போட்ட கையோடு குறடை எடுத்துவிட்டார். "இன்னும் மரக்கல சார்" என்று நான் சொன்னது, வாயைப் பிளந்துகொண்டு சொன்னதால் அவருக்குப் புரியவில்லை. நான் அலறிய அலறலில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

செவந்தி என் கையில் பிறந்தவள். வளைகாப்பில் உங்கள் தங்கை புடவையை அவள் முட்டிக் கிழித்ததற்கு, நாலு பேர் பார்க்க, "மாட்டுக்கும் அப்பன் வீட்டுக் குணம்தான்" என்று சொன்னீர்கள். அப்படி முட்டுகிற மாடு அன்றைக்கு ஏன் சும்மா நின்று ஊசி போட்டுக்கொண்டது என்று யோசித்தீர்களா? அவ்வளவு வலி அவளுக்கு.

முழுசாக மயக்கிச் செய்கிற டாக்டரைப் பாருங்கள். முடியாவிட்டால் வண்டி வைத்து மாட்டை இங்கே அனுப்புங்கள்.

லோகநாதன்


நெமிலிச்சேரி
7-10-1988

மதிப்பிற்குரிய சம்பந்திக்கு,

முதலில் நல்ல செய்தி. செவந்திக்குக் கண் போகவில்லை. நான் உங்களுக்குக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, சாப்பிட்டு எழுந்து பார்த்தால், இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து என்னை முறைத்துக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டார். "இமை தொங்கினா மருந்து சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார். கொம்புக்குப் போற நரம்புக்குப் பக்கத்துலயேதான் இமைக்குப் போற நரம்பும் இருக்கு. ரெண்டும் சேர்ந்து மரத்துப்போச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தீங்கன்னா அன்னைக்கே முடிச்சிருப்பேன்" என்றார். ஃபாக்டரியில் நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். சரியாக இருந்த ஒன்றைப் பழுது என்று திருப்பி அனுப்பியது வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

நீங்கள் கேட்ட முழு மயக்கத்தைப் பற்றியும் கேட்டேன். மாட்டைச் சாய்த்து அப்படி மயக்கினால் வயிற்றில் இருக்கிற தீனி எதுக்களித்து நுரையீரலுக்குள் போய்விடுமாம். வயிறு உப்பி மூச்சு முட்டுமாம். கொம்புக்கு நின்றபடி மரக்க வைத்துச் செய்வதுதான் அவளுக்கு நல்லது என்றார். உங்கள் பல் கதையையும் சொன்னேன். "ஊசி போட்டுட்டுக் காத்திருப்பேன். கொம்பு அடியில குத்திப் பார்ப்பேன். அவ அசையலேன்னாதான் ரம்பத்தை எடுப்பேன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

இப்போது சிக்கல் வேறு. டாக்டர் மறுபடி வந்தார். செவந்தி ஊசியை ஞாபகம் வைத்திருக்கிறாள். யாரையும் தலைப்பக்கம் விடவில்லை. கறக்க வருகிற வேம்புலி காலைக் கட்டிவிட்டுக் கறப்பதோடு சரி, முன்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கயிறு போட்டு இழுத்தால் விரிசல் மண்டை வரைக்கும் ஓடிவிடும் என்கிறார் டாக்டர். "இந்த ஊசி வலியத்தான் நிறுத்தும் சார், பயத்தை நிறுத்தாது. அதுக்குப் பழகின ஆள் தலைமாட்டுல நிக்கணும்" என்றார்.

பழகின ஆள் இரண்டு பேர். ஒருத்தி நிறைமாதம். இன்னொருவர் என் வாசப்படியை மிதிக்க மாட்டார். உங்கள் மாடு என்னிடம் இருக்கிறது, என் மருமகள் உங்களிடம் இருக்கிறாள். நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்.

ஜானகிராமன்


அயனம்பாக்கம்
9-10-88

சம்பந்தி ஐயாவுக்கு,

கண் திறந்தது என்று படித்ததும் கஸ்தூரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். நானும்.

ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். நான் வர மாட்டேன். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தோடு பாஸ்கரன் கையில் ஒரு பை வரும். தூது போக மாட்டேன் என்றவர் பை தூக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. பைக்குள் என் காக்கிச் சட்டை இருக்கும். நான் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றாமல்தான் செவந்தியைக் கறப்பேன். கன்றுக்குட்டியாக இருந்ததிலிருந்து அவளுக்கு நான் என்றால் லேத் மிஷின் ஆயில் வாசனைதான். குளித்துவிட்டுப் போனால் என்னையே யாரோ என்று பார்ப்பாள்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் இடது பக்கமாகப் போங்கள். முன்னால் இருந்து போகாதீர்கள். தாடைக்குக் கீழே சொறிந்துகொண்டே, "இன்னாடி, இன்னாடி" என்று மெதுவாகச் சொல்லுங்கள். உங்கள் ஊர் "என்ன புள்ள" எல்லாம் அவளுக்குப் புரியாது. மூஞ்சியைத் தோளில் வைத்துக்கொள்வாள். கொஞ்சம் எச்சில் வழியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து நன்றாக மரத்த பிறகுதான் அறுக்க வேண்டும். குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள், இன்ஸ்பெக்‌ஷன்காரர் ஆயிற்றே.

லோகநாதன்


நெமிலிச்சேரி
11-10-1988

சம்பந்தி அவர்களுக்கு,

இதைக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். உட்கார முடியவில்லை.

பையைத் திறந்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பளபளவென்று மடிப்புக் கலையாமல், கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, காலரில் ஒரு மல்லிகைப்பூவும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். நம் சம்பந்தி எவ்வளவு மரியாதை தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் சொன்னபடியே இடது பக்கமாகப் போனேன். "இன்னாடி, இன்னாடி" என்றேன். செவந்தி என்னை ஒருமுறை முகர்ந்தாள். அடுத்த நிமிஷம் நான் தவிட்டுத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "சோப்பு வாசனை மட்டும்தானே சார் வருது" என்றார்.

யார் அந்தச் சட்டையைத் துவைத்தது?

சிரிக்கிற விஷயம் இல்லை. இன்று காலை கொம்படியில் நாற்றம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. மழைக்காலம், ஈ மொய்க்கிறது. மருந்தைத் தூர நின்று பீய்ச்சுகிறோம். சனிக்கிழமையைத் தாண்டினால் தன்னால் ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். செவந்தி தீனி எடுக்கவில்லை. கேட் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

வளைகாப்பில் நான் சொன்ன பேச்சு வாயில் வந்திருக்கவே கூடாது. அன்றைக்குப் பாதியில் நின்றுபோன சாப்பாடு இந்த வீட்டில் உங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. கேட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றீர்கள். பக்கத்துக் காலி மனை வழியாகக் கொல்லைப்புறம் வரலாம். அங்கே படி கிடையாது.

ஜானகிராமன்


அயனம்பாக்கம்
13-10-88

சம்பந்தி ஐயாவுக்கு,

துவைத்தது உங்கள் சம்பந்தியம்மாள் பஞ்சவர்ணம். நான் பையில் வைத்ததை எனக்குத் தெரியாமல் எடுத்து, சோப்புப் போட்டு அலசி, சந்து முனையில் துணி தேய்க்கிறவரிடம் கொடுத்து இஸ்திரி போட்டிருக்கிறாள். கேட்டால் என் மேலேயே பாய்கிறாள். "சம்பந்தி ஊட்டுக்கு அழுக்குச் சட்டைய அனுப்பறதா? அவங்க இன்னா நெனைப்பாங்க? பொண்ணு குடுத்த எடத்துல என் மானம் போவணுமா?" மாட்டுக்குத்தான்டி சட்டை என்றால், "மாடா சட்டைய மாட்டிக்கப் போவுது, போட்டுக்கறது சம்பந்திதானே" என்கிறாள். கஸ்தூரி சிரித்த சிரிப்பில் எங்கே இப்போதே வலி எடுத்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

செவந்தி கேட் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எழுதினீர்களே, அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கடிதத்தை மூடிவிட்டு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்திருந்தேன். என் ரோஷத்துக்கு ஒரு வாயில்லா ஜீவன் சாக வேண்டுமா?

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வராமல், குளிக்காமல், பாடியிலிருந்து நேராக வருகிறேன். ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பாவம். டாக்டரை வரச் சொல்லுங்கள். கொல்லைப்புறமாகவே வருகிறேன். சாப்பிட மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

லோகநாதன்


நெமிலிச்சேரி
17-10-1988

அன்புள்ள சம்பந்திக்கு,

சாப்பிட மாட்டேன் என்றவர் மூன்று தடவை வத்தக்குழம்பு கேட்டு வாங்கியதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

செவந்தி நலம். புண் காய்ந்து வருகிறது. நேற்றிலிருந்து வைக்கோலை ஒரு பிடி பிடிக்கிறாள். டாக்டரம்மா கட்டு மாற்ற வந்தவர், "அவரு வரலையா?" என்று உங்களைத்தான் முதலில் விசாரித்தார். மரத்துவிட்டதா என்று பார்க்க அவர் குத்தியபோது, நம்பாமல் ஊசியை வாங்கி உங்கள் கையிலேயே குத்திப் பார்த்து, "ஐயையோ" என்று கத்தினீர்களே, இது மாதிரி ஒரு ஆளை சர்வீஸில் பார்த்ததில்லை என்கிறார்.

எனக்கு அந்தக் காட்சிதான் கண்ணிலேயே நிற்கிறது. பின்னால் ரம்பம் ஓடுகிறது. அவள் உங்கள் தோளில் மூஞ்சியை வைத்துக்கொண்டு, ஒரு கண் இமை தொங்க, அசை போட்டுக்கொண்டு நிற்கிறாள். நீங்கள்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழுதீர்கள். நான் வாலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேம்புலிக்கு ஒரே சிரிப்பு.

ரத்தம் பட்ட உங்கள் காக்கிச் சட்டை இங்கேதான் இருக்கிறது. நீங்கள் போட்டுக்கொண்டு போன என் வெள்ளைச் சட்டையைத் திருப்பித் தரவேண்டாம். காக்கியைத் துவைக்க எடுத்தார்கள் என் வீட்டில். கையைத் தட்டிவிட்டேன். தினமும் காலையில் அதை மாட்டிக்கொண்டுதான் தீனி வைக்கப் போகிறேன். நேற்று முதல் தடவையாக என் தோளில் எச்சில் வழிந்தது. அதைத் துடைக்க எனக்கு மனசு வரவில்லை.

கேட்டை மறுபடி மாட்டிவிட்டேன். மயில் இல்லை, நாலு கம்பிதான்.

அன்புடன்,
ஜானகிராமன்


நெமிலிச்சேரி
24-11-1988

அன்புள்ள சம்பந்திக்கு,

பேத்தியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் ஒரு குறை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? பேர் வைக்கிற அன்று மடியில் வாங்கினேன், வீறிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோதும் அதே வீறல். உங்கள் கைக்குப் போனதும் உடனே அடங்கிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து தவிட்டுத் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முதலில் மாடு, இப்போது குழந்தை. தை மாதம் இங்கே வந்த பிறகும் இப்படியே அழுதால் நான் என்ன செய்வேன்?

ஜானகிராமன்


அயனம்பாக்கம்
27-11-88

அன்புள்ள சம்பந்திக்கு,

இதற்குப் போய் யாராவது தொட்டிப் பக்கத்தில் உட்காருவார்களா? உங்களுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பிரசவத்தில் கஸ்தூரிக்குத் தையல் போட வேண்டியிருந்ததாம். மரக்கிற ஊசி போட்ட நர்ஸிடம் இவள், "கொஞ்சம் பொறுங்க மேடம். குத்திப் பாத்துட்டு அப்பால தைங்க. எங்க மாட்டுக்கே அப்படித்தான் செஞ்சாங்க" என்றாளாம். நர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். அப்புறம் சொன்னபடியே காத்திருந்துதான் தைத்தாராம்.

வலிக்கு ஊசி இருக்கிறது. பயத்துக்கு என்ன வேண்டும் என்பதைத்தான் டாக்டரம்மா உங்களுக்குச் சொன்னாரே, அதற்குள் மறந்துவிட்டீர்களா? குழந்தை உங்களைப் பிடிக்காமல் அழவில்லை. நீங்கள் ஒவ்வொரு தடவையும் குளித்து, பவுடர் போட்டு, சலவைச் சட்டையில் வருகிறீர்கள். உங்களுக்கு என்று ஒரு வாசனையே அவளுக்குத் தெரியாது.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்கரனிடம் நீங்கள் போட்ட சட்டை ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். அதை மடித்துத் தொட்டிலில் போட்டு வைக்கிறோம். தை மாதத்துக்குள் பழகிவிடுவாள். முன்னே நான் போட்டுக்கொண்டு வந்தேனே, அந்த வெள்ளைச் சட்டையையே தொட்டிலில் போடலாம் என்று தேடினேன். பஞ்சவர்ணம் அதையும் துவைத்துவிட்டாள்!

மாட்டுப் பொங்கலுக்கு அந்த ஒற்றைக் கொம்புக்கு வர்ணம் அடிக்க நானே வருவேன். வாசல் வழியாக.

சட்டையை இரண்டு நாளாவது போட்டுவிட்டு அனுப்புங்கள். சம்பந்தி வீட்டுக்குப் போகிறதே என்று உங்கள் வீட்டில் யாராவது அதைத் துவைத்துவிடப் போகிறார்கள். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

லோகநாதன்